போகிற மணல்

சங்குமுனையில் சூரியன் மறைந்து சற்று நேரத்தில் மணல் ஒளிவிடத் தொடங்கும். நீலமாக ஒளிர்ந்தால் அந்த மணல் இங்கேயே இருக்கப்போகிறது. மஞ்சளாக ஒளிர்ந்தால் போகப்போகிறது. இன்று பிறக்கும் பிள்ளை வளர்ந்து ஒரு பிள்ளை பெறுவதற்குள் கடல் அதைக் கொண்டுபோய்விடும். இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள ஒருவருக்கும் படிப்பு தேவைப்படவில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இந்த மணலைச் செய்தவள் உலகம்மை, தென்காசிப் பக்கத்துப் பெண். அப்படி ஒரு பெயரை வைத்துவிட்டு, பிள்ளை புவியியல் படிக்கிறாளே என்று பெற்றவர்கள் ஆச்சரியப்பட்டிருக்கக் கூடாது. புவியியல்காரர்கள் வெகுகாலமாகச் செய்துவருகிற வேலைதான் இது. மணலுக்குச் சாயம் ஏற்றிக் கடலோரம் கொட்டுவார்கள். பிறகு அது எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்று அள்ளி அள்ளிப் பார்ப்பார்கள். உலகம்மையின் மணலுக்குச் சாயத்தோடு கொஞ்சம் புத்தியும் உண்டு. ஒவ்வொரு பருக்கையும் தான் புரண்ட புரளலை நினைவில் வைத்துக்கொள்ளும், பக்கத்துப் பருக்கையை விசாரிக்கும், காற்றையும் அலையையும் கவனிக்கும், எல்லாவற்றையும் சேர்த்துத் தன் எதிர்காலத்தைத் தானே சொல்லிவிடும். சுவட்டு மணல் என்று பெயர். அதில் ஒளி வைத்தது அவளுடைய சொந்த வசதிக்காக. அந்தியில் கரையோரம் நடந்தால் போதும், கருவி எதுவும் இல்லாமல் கரையின் நிலை தெரிந்துவிடும். ஊர்க்காரர்களுக்கும் கண் இருக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

முதலில் எல்லாருக்கும் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. வலை இழுப்பவர்களின் முழங்கால் வரை நீலம் ஒட்டியிருந்தது. பூனைகள் ஒளிரும் பாதங்களோடு கூரை ஏறிப்போயின. மாதா கோவில் பூசைக்கு முக்காடிட்டு வந்த பெண்களின் தலைமயிரில் மஞ்சள் பொட்டுகள் மினுங்கின. அலை வந்து திரும்பும்போது கரை முழுக்க நிறங்கள் கலைந்து கலைந்து சேர்வதைப் பார்த்துக்கொண்டு ஊரே வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கும். சின்னப் பிள்ளைகள் தூங்கப் போகும்போது கைப்பிடி மணலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார்கள். சங்குமுனையில் அந்த நாட்களில் யாருக்கும் கெட்ட கனவே வரவில்லை என்று சொன்னார்கள். நான் நம்புகிறேன்.

பிறகு கோவில் தெருவுக்கு நீலத் தெரு என்று பெயர் வந்தது. அந்தத் தெருவுக்கு முன்னால் பெரிய மணல்மேடு இருந்தது, அடும்புக்கொடி படர்ந்து, அசையாமல். தெற்கே ஆற்று முகத்தை ஒட்டிய தெரு மஞ்சள் தெரு ஆயிற்று. அந்த மஞ்சள் தெருவின் கடைசி வீடு ஜெனோவாவுடையது. உலகம்மை தங்கியிருந்ததும் அந்த வீட்டின் முன்னறையில்தான். படித்துவிட்டு வந்தவள் என்பதால் ஊருக்கு அவள் டீச்சர்.

ஜெனோவா கருவாட்டு வியாபாரி. புருசன் கடலோடு போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கருவாடு காயவைத்தே வீட்டைக் கட்டினாள், பிளேவியா என்ற ஒரே மகளைப் படிக்கவும் வைத்தாள். வீட்டுக்கு முன்னால் பெரிய மணல் முற்றம். பகலில் அதில் கருவாடு காயும், அந்தியில் மஞ்சள் பூக்கும்.

"ஏன் டீச்சர், எங்க வீட்டுலயே வாடகைக்கு இருந்துக்கிட்டு எங்க வீடே போயிரும்னு சொல்லுதியளே, இது நல்லாவா இருக்கு?" என்று ஒரு சாயங்காலம் ஜெனோவா கேட்டாள்.

"நான் சொல்லலக்கா. மணல்தான் சொல்லுது."

"மணலைச் சொல்லச் சொன்னது ஆரு?"

உலகம்மை தட்டில் இருந்த மீனைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"சரி, அது கெடக்கட்டும். கடலுக்கு எங்க மேல என்ன கோவம்? அதையாவது சொல்லுங்க."

"கோவமெல்லாம் இல்லக்கா. கரையோரமா மணல் எப்பவும் நடந்துக்கிட்டேதான் இருக்கும். தெக்க இருந்து வரும், வடக்க போகும். வாறதும் போறதும் சரியா இருந்தா கரை அப்படியே நிக்கும். இப்ப தெக்க துறைமுகத்துக்குன்னு கடலுக்குள்ள நீளமா கல்லு போட்டுட்டாங்கல்ல, வாற மணல் அங்கயே தங்கிருது. ஆத்துலயும் அணை கட்டிட்டாங்க. வரத்து நின்னு போச்சு, போக்கு நிக்கல."

"அப்ப கல்லு போட்டவன் வீட்டு முத்தத்துலல்லா மஞ்சள் எரியணும்?"

"எரியணும்தான்" என்றாள் உலகம்மை.

பிளேவியாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. சங்குமுனையில் ஒரு வழக்கம். சம்பந்தம் பேச வருகிறவர்களுக்காகப் பெண் வீட்டார் கடற்கரையிலிருந்து புது மணல் கொண்டுவந்து முற்றத்தில் விரிக்க வேண்டும். அதன்மேல் பாய் போட்டு உட்கார்ந்துதான் பேச்சு நடக்கும். முன்பெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் பூசை முடிந்து காலையில் வருவார்கள். சுவட்டு மணல் வந்தபிறகு எல்லாரும் அந்தி சாயத்தான் வந்தார்கள். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏற்கெனவே நீலத் தெருவிலிருந்து ஒரு சம்பந்தம் வாசல் வரைக்கும் வந்து, வாசலைப் பார்த்து, தலைவலி என்று சொல்லித் திரும்பிப்போயிருந்தது.

இப்போது வருகிறவர்கள் வடக்கே புதுத்துறைக்காரர்கள். சங்குமுனைப் பெண்களைப் புதுத்துறையில் கட்டிக்கொடுப்பது காலகாலமாக நடப்பது; பெண் வடக்கே போகும், மருமகனின் கட்டுமரம் திருவிழாவுக்குத் தெற்கே வரும். அங்கே கடற்கரை அகலமானது, பந்து விளையாட இடமிருக்கும் அளவுக்கு. மாப்பிள்ளை ரெக்ஸன் நல்ல பையன். அவனுடைய அம்மா இன்னாசியம்மாள்தான் கொஞ்சம் கண் கூர்மையானவள்.

அவர்கள் வந்த அன்று பகல் முழுவதும் ஜெனோவா காணாமல் போயிருந்தாள். அந்தியில் உலகம்மை கரையிலிருந்து திரும்பியபோது முற்றம் நீலக் குளமாகக் கிடந்தது. இன்னாசியம்மாள் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலால் மணலைக் கிளறிக் கிளறிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தாள். பிளேவியா தேநீர் கொண்டுவந்தபோது அவளுடைய கொலுசெல்லாம் நீலம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சம்பந்தம் முடிவாயிற்று.

அந்த நீலம் நான்கைந்து நாள்தான் நின்றது. பருக்கைகள் தாங்கள் இடம் மாறியதை உணர்ந்து, பக்கத்தில் விசாரித்து, புது இடத்தின் கதையைக் கேட்டு, ஒவ்வொன்றாக மஞ்சளாயின. ஜெனோவா மறுபடி கூடையோடு கோவில் தெரு மணல்மேட்டுக்குப் போனாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு போனது, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. கல்யாணம் பேசாத வீடுகளும் போயின. மஞ்சள் முற்றத்தோடு இருக்க யாருக்குத்தான் மனசு வரும்? கடைசியில் நீலத் தெருக்காரர்களே, மற்றவர்கள் அள்ளித் தீர்ப்பதற்குள் நாமும் கொஞ்சம் சேர்த்துவைப்போம் என்று கிளம்பினார்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் உலகம்மை மணல்மேட்டுக்குப் போனபோது, மேட்டின் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகும் அகலத்துக்கு வாய் திறந்திருந்தது. அடும்புக்கொடிகள் வேர் தொங்கிக் கிடந்தன. அந்த வாய் வழியாகக் கடல் தெரிந்தது, கோவில் கோபுரத்துக்கு நேராக. அவள் நேரே வீட்டுக்கு வந்து சத்தம் போட்டாள்.

"என்ன காரியம்க்கா பண்ணி வச்சிருக்கிய? ஊருக்கு இருக்கிற ஒரே சுவர் அது. புயல்னு ஒண்ணு வந்தா கடல் நேரா கோவிலுக்குள்ள வந்து நிக்கும். இவ்வளவு நாளும் கடல்கூட அதைத் தொடல. நீங்க கூடையில அள்ளிட்டிய!"

"எல்லாரும்தான் அள்ளுதாவ."

"எல்லாரும் அள்ளினா நீங்களும் அள்ளணுமா?"

"நான் ஒருத்தி அள்ளாட்டா எங்க வீடு மட்டும் மஞ்சளா நிக்கும், மேடு எப்படியும் போயிரும். நீங்கதான் கணக்குப் போடுத ஆளு, போட்டுப் பாருங்களேன்." ஜெனோவா முற்றத்தைக் கைகாட்டினாள். "ஒவ்வொரு நாளும் அந்திக்கு வாசல்ல வந்து நிக்கேன் டீச்சர். என் வீடு சாவப்போவுதுன்னு எனக்கு வெளக்குப் போட்டுக் காட்டுதிய. எப்படித் தாங்க?"

உலகம்மை உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கேள்விக்கு அவளுடைய துறையில் யாரும் பயிற்சி தருவதில்லை. ஒளியை நிறுத்திவிடலாமா என்று யோசித்தாள். நிறுத்தினால் மணல் போவது நிற்காது, இருட்டில் போகும். அன்று இருவரும் சாப்பிடவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் அவள் எழுந்து வந்தாள்.

"அக்கா, ஒரு வழி இருக்கு. கொண்டாந்து கொட்டுத நீலம் நிக்காது. இங்க இருக்கிற மஞ்சளையே நீலமா ஆக்கணும். ஆத்து முகத்துல இருந்து உங்க தெரு முழுக்க, கரைக்கு நேரா ஓலைத் தட்டி கட்டணும். காத்துல ஓடுத மணல் தட்டிக்குப் பின்னால விழும். விழுந்த இடத்துல அடும்பு நடணும். அது பிடிச்சிட்டா மணல் தங்கிரும்."

"தங்குமா?"

"தங்கும்."

"பொய் சொன்னீயன்னா நாளைக்கு மீன் கொழம்புல உப்பு போடமாட்டேன்."

சவுக்குக் கம்பு நட்டு, பனையோலை முடைந்து, தெருவே சேர்ந்து கட்டியது. ஒவ்வொரு வீட்டுக்கு நேராக இருக்கும் தட்டி அந்த வீட்டின் பொறுப்பு. மேட்டில் அள்ளுவதும் நின்றது. மேட்டில் திறந்த வாயை அடைக்க நீலத் தெருக்காரர்களே மணல் சுமந்தார்கள். மழையும் அந்த வருடம் பெரிதாக மிரட்டாமல் போயிற்று. மார்கழியில் ஒரு சாயங்காலம், ஜெனோவா வீட்டு முற்றத்தில், கருவாட்டுப் பந்தலின் கால் அருகே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நீலம் தோன்றியது. ஜெனோவா குனிந்து பார்த்தாள். யாரும் கொண்டுவந்து போட்டதில்லை. தானாக வந்த நீலம். அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். உலகம்மையும் அழுதாள், தான் ஏன் அழுகிறோம் என்று யோசிக்காமல்.

தையில் கல்யாணம். அதற்குள் முற்றம் முழுவதும் நீலம் பரவியிருந்தது. பிளேவியா வடக்கே போனாள். மஞ்சள் தெருவை அந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

வைகாசியில் பிளேவியா உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. ஜெனோவா பலகாரங்களைத் தூக்கிக்கொண்டு புதுத்துறை போனாள். ஒரு வாரம் இருப்பேன் என்று சொல்லிப் போனவள் மறுநாளே திரும்பிவிட்டாள். உலகம்மை முன்னறையில் வேலையாக இருந்தாள். ஜெனோவா நிலைப்படியிலேயே நின்றாள்.

"டீச்சர், புதுத்துறையில நீங்க மணல் போட்டியளா?"

"இல்லக்கா. நம்ம ஆய்வு இந்த ஊரோட முடிஞ்சிருது."

"அங்க மணல் எரியுது. எம் மவ வீட்டு வாசல்ல நான் கண்ணால பாத்தேன். போன வருசமே லேசா நீலம் தெரிஞ்சுதாம், அவுகளுக்கு ஒரே பெருமை. இப்ப மஞ்சள். வாசல், தெரு, கரை, எல்லாம் மஞ்சள்." அவள் மூச்சு வாங்கினாள். "கடலு தென்னை மரம் வரைக்கும் வந்துட்டு. சம்பந்தக்காரி எம் மவ மொகத்தைப் பாத்தே சொல்லுதா, நீ காலடி வச்ச நேரம் எங்க மணல் மஞ்சளாயிட்டுன்னு. வயித்துப் பிள்ளையோட அவ அடுப்படியில நின்னு அழுவுதா."

உலகம்மைக்குப் புரிந்துவிட்டது. ஜெனோவா பேசி முடிக்கும் முன்பே புரிந்துவிட்டது. தான் போட்ட மணல்தான் அது. சங்குமுனையில் மஞ்சளாக இருந்து, போகப்போகிறேன் என்று சொல்லி, சொன்னபடி போய், அலையோடு அலையாக வடக்கே நடந்து, புதுத்துறையில் கரையேறி நீலமாகியிருக்கிறது. ஆய்வு எல்லைக்கு அப்பால் என்ன ஆகிறது என்று அவள் பார்க்கவே இல்லை. வரைபடத் தாள் முடியும் இடத்தில் கரையும் முடிந்துவிடுவதாக நினைத்துக்கொள்வது புவியியல்காரர்களுக்கு வரும் வியாதி.

"உக்காருங்கக்கா" என்றாள். "அவ காலடிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் புதுத்துறைக்கு வந்து எல்லார்கிட்டயும் சொல்லுதேன்."

"பெறவு எதால?"

சொல்லாமல் இருக்க முடியாது. "நம்ம தட்டியாலக்கா. புதுத்துறைக் கரை அவ்வளவு அகலமா இருந்ததே நம்ம மணலால. இங்க இருந்து போனதுதான் அங்க சேர்ந்துச்சு. இப்ப நாம நிறுத்தி வச்சிட்டோம். அங்க வரத்து இல்ல."

ஜெனோவா நிலைப்படியிலேயே உட்கார்ந்தாள். வெளியே முற்றத்தில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"ரெண்டு ஊரும் நீலமா இருக்க வழியே இல்லையா?"

"தெக்க இருக்கிற மணலை இந்தப் பக்கம் எடுத்து விடணும். துறைமுகத்துக்காரங்ககிட்ட போராடிக்கிட்டுத்தான் இருக்கோம். விட மாட்டேன், ஆனா வருசக்கணக்குல ஆவும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இருக்கிற மணல்தான். நாம வச்சிக்கிட்டா அவங்களுக்கு இல்ல."

"எங்க வீட்டைத் தங்க வச்சது நீங்க" என்றாள் ஜெனோவா. அதில் குற்றச்சாட்டும் இல்லை, நன்றியும் இல்லை. எழுந்துபோய் உலையில் அரிசி போட்டாள்.

மறுநாள் காலை உலகம்மை கரைக்குப் போனபோது ஜெனோவா வீட்டுக்கு நேரான தட்டி மட்டும் இல்லை. கம்புகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. ஓலைகளைச் சுருட்டி வைத்துவிட்டு, ஜெனோவா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! உங்க ஒரு தட்டியைப் பிடுங்கினா புதுத்துறைக்கு ஒண்ணும் ஆவாது. உங்க வீடுதான் போகும். எல்லாத் தட்டியும் எடுத்தாத்தான்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரி தன் தட்டியின் கயிற்றை அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த வீட்டில் இரண்டு பெண்கள் கம்பை ஆட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தெரு நெடுக அதே வேலைதான்.

"நீங்க சொன்னியளா?"

"நான் ஆருகிட்டயும் போய்ச் சொல்லல. என்னத்துக்குப் பிடுங்குதன்னு கேட்டாவ, சொன்னேன். ஒவ்வொரு வீட்டுலயும் ஒருத்தியை அங்கதான குடுத்திருக்கு." ஜெனோவா ஒரு வாளைக் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "கோவில் மேட்டை மட்டும் தொடப்புடாதுன்னு பேசிக்கிட்டோம். அது ஊருக்கு."

"பயமா இல்லையாக்கா?"

"முன்னால இருந்துச்சு. எங்க போவுதுன்னு தெரியாம இருந்துச்சுல்ல."

ஆடிக் காற்று அடித்தது. தெருவின் மணல் தரையோடு தரையாக ஓடி, அலையில் இறங்கி, வடக்கே நடந்தது. அந்தியில் பார்த்தால் கரையோரம் ஒரு மஞ்சள் ஆறு ஓடுவது தெரியும். ஜெனோவா வீட்டு முற்றத்து நீலம் ஓரங்களிலிருந்து கரைந்து கரைந்து, கருவாட்டுப் பந்தலடியில் ஒரு கை அகலமாகி, ஒருநாள் அதுவும் போயிற்று. உலகம்மை துறைமுகத்துக்கும் ஊருக்குமாக அலைந்தாள், பெரிய மனிதர்களோடு சண்டை போட்டாள், திட்டு வாங்கினாள். ஒவ்வொரு சாயங்காலமும் அந்த முற்றத்தைத் தாண்டித்தான் முன்னறைக்குள் போகவேண்டியிருந்தது. தலை குனிந்தபடி போவாள்.

ஆவணி கடைசியில் ஒரு அந்தி. இருவரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் மஞ்சள், ஜெனோவாவின் முகமே மஞ்சள் பூசிக் குளித்ததுபோல இருந்தது. அலைபேசி அடித்தது. பிளேவியா. ஜெனோவா ஒலிபெருக்கியைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா! எங்க வாசல்ல நீலம் வந்துட்டும்மா! மூலையில கொஞ்சம்தான், ஆனா நல்ல நீலம். அத்தை அதுக்குக் கிட்ட உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காவ. என்னையும் கூப்பிட்டுக் காட்டுதாவ."

"அப்படியா மக்கா" என்றாள் ஜெனோவா. உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நல்லா இருக்கட்டும். வயித்துப் பிள்ளைக்கு நல்ல நேரம்."

"அங்க எப்படிம்மா இருக்கு? தட்டியெல்லாம் எடுத்துட்டியன்னு இங்கன பேசிக்கிட்டாவ. நம்ம வீட்டு முத்தம்?"

"அதுக்கென்ன. கெடக்கு நீலமா."

"பொய் சொல்லாதம்மா. நீ சொல்லுதது எனக்கு நம்பிக்கை இல்ல. டீச்சர் இருக்காவளா? அவுககிட்ட குடு. அவுக சொல்லட்டும்."

ஜெனோவா அலைபேசியை நீட்டினாள். நீட்டிய கையை இழுத்துக்கொள்ளாமல் உலகம்மையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகம்மை ஒரு கை மணலை அள்ளினாள். விரலிடுக்கு வழியாக மஞ்சள் ஒழுகியது. கரைகளைப் பற்றி அவள் இதுவரை ஒரு பொய்யும் சொன்னதில்லை.

"ஆமா மக்கா" என்றாள் உலகம்மை. "இங்கயும் நீலம்தான்."